சாய்ந்த படத்தில் நேரான கம்பம்

1

டமார்!

ஜன்னல் கண்ணாடியில் வந்து மோதி விழுந்தது ஒரு ட்ரோன். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்து...

(வேண்டாம். முதல் வரியில் எதையாவது போட்டு உடைத்தால்தான் நீங்கள் பக்கத்தைப் புரட்ட மாட்டீர்கள் என்று ஒரு நம்பிக்கை. வாரப் பத்திரிகைக்கு எழுதி எழுதி வந்த வியாதி. இந்தக் கதையில் கண்ணாடி எதுவும் உடையவில்லை.)

கதை பிறந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓடும் ரயிலிலிருந்து நான் எடுத்த படத்தில் கம்பங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, மூக்குமுட்டக் குடித்தவர்கள் வரிசையில் நிற்பதுபோல. புது போன். கடைக்காரர் என் தலையில் கட்டிவிட்டார் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். கேமராக்களை ஆராய்ச்சி செய்கிற என் மைத்துனி படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"கடைக்காரர் பாவம், அத்தான். உங்க போன் படத்தை ஒரே மூச்சுல எடுக்காது. மேல ஆரம்பிச்சு வரிசை வரிசையா கீழ இறங்கும். கடைசி வரிசைக்கு வர்றதுக்குள்ள ரயில் நகர்ந்துடுது. ரோலிங் ஷட்டர்னு பேரு."

"அப்ப இந்தக் கம்பத்தோட தலை ஒரு நேரம், கால் ஒரு நேரமா?"

"ஆமா, உங்க தொடர்கதை மாதிரி. முதல் வாரம் ஒல்லியா வந்தவ, நாலாவது வாரம் குண்டாயிடுறா இல்ல?"

பட்டது. அன்றே இதைத் தொடங்கினேன்.

2

நாயகிக்கு வேலை, அப்படிச் சாய்ந்த படங்களை நிமிர்த்துவது. சரக்கு ரயில்கள் நிற்கும் யார்டு ஒன்றில் உயர உயரமான விளக்குக் கம்பங்கள். பல்பு மாற்ற ஆள் ஏறுவதற்கு முன் கம்பம் ஒழுங்காக நிற்கிறதா என்று ட்ரோன் பறந்து படம் எடுக்கும். அது பறக்கிற வேகத்தில் படத்தில் எல்லாம் சாய்ந்துவிடும். அவளுடைய புரோகிராம் நிமிர்த்திக் கொடுக்கும். நிமிர்ந்த படத்தைப் பார்த்து யார்டு அலுவலகம் ‘ஏறலாம்’ என்று சொல்லும்.

ஆரம்பத்தில் புரோகிராம் தடுமாறியது. நிமிர்த்தச் சொன்னால் கம்பங்களைப் பாம்பாக நெளித்தது. அவள் மேஜையில் தலை சாய்த்து அழு...

(மைத்துனியின் குறிப்பு: "நாங்க அழ மாட்டோம் அத்தான். டீயைக் குடிச்சுட்டு பக்கத்து சீட்டுக்காரனைத் திட்டுவோம்.")

டீயைக் குடித்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. புரோகிராமுக்குள் ஒரு விதியைச் சேர்த்தாள்: கம்பம் என்றால் நேராகத்தான் நிற்கும். அவ்வளவுதான். படங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வந்தன. ஆராய்ச்சிக்கூடத் தலைவர், "கலக்கிட்டேம்மா!" என்று ஊரெல்லாம் காட்டினார். வாங்குவதற்கு ஒரு கம்பெனியே முன்வந்தது.

3

அந்தக் கம்பெனிக்காரர்கள் வருகிற காலை. அவர்களுக்குக் காட்ட, யார்டில் எடுத்த மூலப் படத்தையும் நிமிர்த்திய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மூலப் படத்தில், ஒரே வரிசையில் நின்ற கம்பங்கள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. ஒன்றைத் தவிர. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது மட்டும் நேராக நின்றது.

பரவாயில்லையே, இதை நிமிர்த்தும் வேலையே இல்லை என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த கணம் மூலப் படத்தை மறுபடியும் கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

கேமரா எல்லாக் கம்பங்களையும் ஒரே அளவு வலப்பக்கம் சாய்த்திருக்கிறது. அப்படிச் சாய்த்தும் ஒன்று நேராகத் தெரிகிறது என்றால், அது நிஜத்தில் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. நிமிர்த்திய படத்தில் அந்தச் சாய்வே இல்லை. அவளுடைய விதி அதையும் நிமிர்த்திவிட்டது. அந்தப் படத்தை நம்பி யார்டு அலுவலகம் இன்று ஏறலாம் என்று சொல்லியாயிற்று.

"சார், தொட்டி பக்கத்துக் கம்பம் நிஜமாவே சாஞ்சிருக்கு. நாமதான் நிமிர்த்திட்டோம்."

"காத்துல ட்ரோன் ஆடியிருக்கும்மா."

"ஆடினா பக்கத்துக் கம்பமும் சேர்ந்து ஆடணுமில்ல சார்?"

"இருக்கட்டும். இப்ப போன் பண்ணினா, எங்க சரக்கு சொத்தைன்னு நாமளே தண்டோரா போட்ட மாதிரி. வந்தவங்க கீழ நிக்கிறாங்க. அவங்க போகட்டும், சாயங்காலம் சொல்லிக்கலாம். எல்லாம் உன் உழைப்பும்மா!"

(தலைவரைக் கெட்டவராக்கப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. அவர் உண்மையிலேயே காற்று என்றுதான் நம்புகிறார்.)

4

முதல் பிரதியில் அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். அதே யார்டில் கம்பம் ஏறுகிறவன். தலைவர் பேசி முடிப்பதற்குள் அவள் போனில் கத்தினாள்.

"அண்ணா, தொட்டி பக்கத்துக் கம்பத்துல ஏறாதே!"

"இப்பத்தான்டி பெல்ட்டைக் கட்டினேன். என்னாச்சு, சோடாப்புட்டி?"

"நான் தப்பு பண்ணிட்டேன்!"

"இன்னொரு தடவை சொல்லு, ரெக்கார்டு பண்ணிக்கிறேன். அம்மாகிட்ட போட்டுக் காட்டணும்."

கண்ணீரும் சிரிப்பும் கலந்த முடிவு. பத்திரிகையில் துள்ளிக் குதித்து வாங்கிக்கொள்வார்கள். ஆனால் படித்துப் பார்த்தபோது உறுத்தியது. அண்ணன் ஏறுகிற கம்பம் என்றால் யார்தான் போன் பண்ண மாட்டார்கள்? தங்கை என்றால் ஓடித்தான் வருவாள் என்று நானும் ஒரு விதியைப் போட்டுக் கதையை நிமிர்த்தியிருக்கிறேன். அவள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறாள் என்பது அதில் தெரியவே இல்லை.

அண்ணனை எடுத்துவிட்டேன்.

5

இப்போது பெல்ட் கட்டிக்கொண்டு நிற்பவர் யாரோ. அவளுக்கு முகம் தெரியாது. தலைவர் கதவருகே நின்று சைகையால் அவசரப்படுத்துகிறார். மாடிப்படியில் விருந்தினர்களின் பேச்சு கேட்கிறது.

ஒரு முடிவு: போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு அவர்களை வரவேற்க... (இதற்கு மேல் கை ஓடவில்லை.)

இன்னொன்று: போன் பண்ணுகிறாள். போய்ப் பார்க்கிறார்கள். கம்பம் நேர்தான், வெறும் காற்று. அவளுடைய விதிக்கு மாலை. (இது தலைவருக்குப் பிடித்த முடிவு. அவரே எழுதிக்கொள்ளட்டும்.)

மூன்றாவதில் அவள் எண்ணை அழுத்திவிட்டாள். மணி அடிக்கிறது. ‘யாரையும் ஏத்தாதீங்க’ என்று அவளுக்கு வசனம் எழுதித் தயாராக வைத்திருந்தேன். யார்டு அலுவலகத்தில் எடுத்தார்கள். அவள் என் வசனத்தைச் சொல்லவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டாள், பதிலைப் பார்த்துத்தான் மற்றதைச் சொல்வாள் போல. அதற்கு அவர்கள் சொன்ன பதிலையும், அதைக் கேட்டபின் அவள் சொன்னதையும் என்னால் எழுத முடியவில்லை. உங்களால் முடியுமா, பாருங்கள்.

"ஹலோ, யார்டு ஆபீசா? தொட்டி பக்கத்துக் கம்பத்துல ஏறப்போறது யாருங்க... உங்க ஆளா, கான்ட்ராக்ட் ஆளா?"