டிரைவரின் பத்து நிமிடம்

பஸ் நிலையத்துக்குள் வண்டி நுழையும்போதே டிரைவருக்கு வியர்த்துக் கொட்டியது. அடிவயிறு கல்லாய் இறுகிக் கிடந்தது. முதுகில் ஆபரேஷன் செய்த நாளிலிருந்து அவருக்குச் சிறுநீர் தானாகப் பிரிவதில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய குழாயைத் தானே செலுத்தி வெளியேற்ற வேண்டும். நர்ஸ் சொல்லிக்கொடுத்த பத்து நிமிட வேலைதான். ஆனால் வெளியே சொல்ல வாய் வந்தால்தானே!

இன்றைக்கு ஆறு மணி நேரம் தாண்டிவிட்டது. பொதுக் கழிவறையில் தாழ்ப்பாளும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆபீஸ் கழிவறைச் சாவியோ டைம்கீப்பரின் சட்டைப் பையில். என்னமோ அரண்மனைச் சாவி!

"சார், சாவி குடுங்க."

"மறுபடியுமா? உள்ள போனா குடித்தனமே நடத்துற. லேட்டாச்சு, வண்டியை எடுய்யா."

"அவசரம் சார்."

"அதென்ன கையில பை? எதையாவது போட்டுக்கிறியா?"

வெடுக்கென்று பிடுங்கித் திறந்தார். உறை பிரிக்காத குழாய்கள் மேஜையில் சரிந்தன. வண்டி ஜன்னல் வழியே பார்த்த ஒரு பயணி அலறினார்: "ஐயய்யோ, போதைக்காரன் கையிலயா எங்க உயிரு?"

டிரைவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பேசாமல் வண்டியில் ஏறிவிடலாமா? கால் அப்படித்தான் திரும்பியது. ஆனால் தலை சுற்றியது.

"எனக்கு மூத்திரம் தானா வராது சார்! இந்தக் குழாயை விட்டுத்தான் எடுக்கணும். உங்க வாய்க்குப் பயந்து தண்ணிகூடக் குடிக்காம அடக்குனேன். அதனாலதான் போன மாசம் காய்ச்சல்ல படுத்தேன். இனியும் அடக்குனா கிட்னி போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்பக் கண்ணு இருட்டுது. வண்டியில நாப்பது பேரு இருக்காங்க. எடுக்கவா, சொல்லுங்க!"

டைம்கீப்பருக்கு முகம் செத்துவிட்டது. குழாய்களைத் தாமே பொறுக்கிப் பையில் வைத்தார். சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடிப் போய்க் கதவைத் திறந்துவிட்டார். டிரைவர் பையோடு உள்ளே போனார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேய்யா..." என்று முனகினார்.

"எப்படி சார் சொல்லுவாரு?" வண்டியிலிருந்து இறங்கி வந்த கண்டக்டரம்மா கேட்டார். "'உள்ள தூங்கிட்டீங்களாண்ணே'ன்னு தினமும் சிரிச்சவ நானு. என்கிட்டயா சொல்லுவாரு?"

வண்டிக்குள்ளிருந்து அதே பயணி, "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்றார்.

"பத்து நிமிஷம்! அவரு மருந்து சாப்பிடுற மாதிரிதான் இதுவும். குழாய் போட்டுக்கிறதுல ஒரு கேவலமும் இல்ல. ஒரு மனுஷனைச் சொல்லவே கூச வச்சு, உடம்பைக் கெடுத்துக்க வச்சோமே, அதுதான் கேவலம். உக்காருங்க!"