பூட்டி வைத்த வம்சம்

அன்று நண்பகலில் மல்லேஸ்வரம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: மாநில அரசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற வைத்தீஸ்வரன், அவர் மனைவி ராஜலக்ஷ்மி, நிச்சயதார்த்தம் ஆகவிருந்த பேத்தி ஸ்ரீரஞ்சனி, ஆஸ்டின் டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் ஜோசஃபின். ஐந்தாவது ஆளாக மேசைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். அது மட்டும் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது.

நான்கு மணிக்குச் சம்பந்தியாகப் போகிறவர் வருகிறார். ஏழு தலைமுறை வம்சாவளியை அச்சிட்டு அவர் கையில் கொடுப்பதாக வைத்தீஸ்வரன் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் அது அந்தக் காலத்துத் தமிழ் ஃபாண்டில் அடித்தது. வேறு எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பூச்சி பூச்சியாகத் தெரியும்.

"விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு சார். பழைய எக்ஸ்பியையே மேல போட்டு ரிப்பேர் பண்ணிடலாம், உங்க ஃபைலுக்கு ஒண்ணும் ஆவாது. சிடி டிரைவ் அவுட். பூட்டபிள் பென்டிரைவ் வேணும்," என்றாள் ஜோசஃபின்.

"பூட்டித்தான் வெச்சிருக்கேன்," என்று வைத்தீஸ்வரன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

ஸ்ரீரஞ்சனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தாத்தா, அது பூட்டு இல்ல, பூட்! கம்ப்யூட்டரைக் கிளப்பறது!"

"எல்லாம் ஒண்ணுதான்."

பீரோவிலிருந்து வந்தது நாலு ஜிபி பென்டிரைவ். ஜோசஃபின் கொண்டு வந்திருந்த அறுபத்துநாலு ஜிபியை அந்தக் கம்ப்யூட்டர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"சக்கத் சார், பிரமாதம்! இந்தக் கிழத்துக்கு இந்த சைஸ்தான் ஆவும்," என்று அதைத் தன் லேப்டாப்பில் செருகினாள். "உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும்னு சொல்லுது. ஏதாவது இருக்கா சார்?"

"ஏன்னா, அதுலதானே நீங்க வம்சத்தைத் திருத்தி…" என்று ராஜலக்ஷ்மி ஆரம்பித்தாள்.

"நம்மாத்து வம்சத்துல திருத்தறதுக்கு என்னடி இருக்கு? அதே ஃபைல் மெஷின்லயும் இருக்கு."

ராஜலக்ஷ்மி டிகாக்‌ஷன் போட உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டில் எதை அழிப்பதானாலும் பெரியவர் ஒப்புதல் வேண்டும். ஆகவே ஓகே பொத்தானை வைத்தீஸ்வரனே அழுத்தினார்.

மூன்றரைக்குக் கம்ப்யூட்டர் கண் திறந்தது. 'வம்சம்' என்ற ஃபைலும் திறந்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. வைத்தீஸ்வரன் அதை அச்சிட்டார்; படித்துப் பார்க்கவில்லை. தான் அடித்ததைத் தானே சரிபார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைவு.

நான்கு மணிக்குச் சம்பந்தி வந்து உட்கார்ந்து, உரக்கவே படித்தார். "ஐந்தாம் தலைமுறை. வைத்தீஸ்வரன். தங்கை மதுரம், கணவர் தியோடர், ஆஸ்டின் டவுன்." தலையை நிமிர்த்தினார். "தங்கை இருக்காளா? சொல்லவே இல்லையே!"

நாற்பது வருடமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர். முதலில் அதை அடித்துவிட்டு, மறுநாள் மனம் பொறுக்காமல் நீக்கியதும், நீக்கிய பிரதி பென்டிரைவில் மட்டுமே இருந்ததும் வைத்தீஸ்வரனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

காபி டம்ளரை நீட்டியபடி ராஜலக்ஷ்மி சொன்னாள்: "இருக்கா. நிச்சயதார்த்தத்துக்கு வரா."

சம்பந்தி வைத்தீஸ்வரனைப் பார்த்தார். அச்சில் ஏறிவிட்டதை மறுத்து வைத்தீஸ்வரனுக்குப் பழக்கமில்லை.

"ஆத்துக்காரரோட வருவா," என்றார், முதுகு வளையாமல்.

அந்தப் பெயரை ஆஸ்டின் டவுன்காரி ஜோசஃபின்தான் நுழைத்துவிட்டாள் என்று உறவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அவள் அந்த ஃபைலில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. இரண்டாயிரத்து ஏழில் அந்தப் பெயரை டைப் அடித்தவர் வைத்தீஸ்வரன்.