தாய்மாமன் இல்லாத படம்

கேமரா வாங்கிய நாளிலிருந்து பாண்டிராஜுக்கு நேராக நிற்கத் தெரியாமல் போய்விட்டது. எதைக் கண்டாலும் ஒரு கண்ணை மூடுவான், குனிவான், ஓரமாக நகர்வான். சிம்மக்கல்லில் ஒரு பேப்பர் மொத்தக் கடையில் பில் போடுகிறவன். டவுன் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போட்டோ எடுக்கக் கற்றுத்தரும் வீடியோக்கள்தான். ஆளை நட்டநடுவில் வைக்காதே. தேவையில்லாததைப் படத்துக்குள் விடாதே. வரிசையாக நிற்க வைத்து எடுப்பதெல்லாம் படமே இல்லை. அரைகுறையாகக் கற்றவனிடம் இருக்கும் கண்டிப்பு, கற்றுக்கொடுத்தவனிடம்கூட இருக்காது.

மகன் தமிழ்மாறனின் காதுகுத்துக்கு வேறு ஆள் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டான். மனைவி இசைவாணிக்கு அதில் மனமில்லை. அந்த விசேஷத்துக்கு அவளுடைய அண்ணன் வெள்ளைத்துரை வருவதாக இருந்தது. வீட்டை மீறிப் பாண்டிராஜைக் கட்டிக்கொண்ட பிறகு பிறந்த ஊரான டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒருவரும் அவள் வாசலை மிதித்ததில்லை. அவள் பேரை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார். அவர் பேச்சைத் தட்டிவிட்டு அண்ணன் மட்டும் வருகிறான்.

சொன்னபடியே குலசாமி கோயிலுக்கு வந்து இறங்கினான். தட்டுத் தட்டாகச் சீர், மருமகனுக்குத் தங்கக் கம்மல், தனக்கொரு சந்தன நிறப் பட்டுச்சட்டை. வந்ததும் பாண்டிராஜைத் தனியே கூப்பிட்டான்.

"மாப்ள, மாறன என் மடியில வச்சுக் காது குத்தும்போது ஒரு படம் எடுத்துத் தாங்க. 'உன்னைய ஓரத்துல நிக்க வச்சுத்தான் அனுப்புவாக, போ'ன்னு அய்யா சொல்லி விட்டாரு. நான் தாய்மாமனா உக்காந்திருக்கத அவரு கண்ணால பாத்தா எறங்கி வந்துருவாரு. வாணிய வீட்டுக்குக் கூப்பிட்டுருவாரு."

"அதுக்கென்ன மச்சான், பிரமாதமா எடுத்துருவோம்."

ஆசாரி ஊசியை எடுத்ததும் சுற்றி நின்ற அத்தனை கைகளிலும் செல்போன் முளைத்தது. பாண்டிராஜுக்குப் பொறுக்கவில்லை. "எல்லாரும் போன உள்ள வைங்க! கை குறுக்க வருது. நான் எடுத்து அனுப்புறேன்ல" என்று சத்தம் போட்டான். பிள்ளையைப் பெற்றவன் சொல்கிறானே என்று எல்லாரும் உள்ளே வைத்தார்கள்.

வெள்ளைத்துரையின் தலைக்குப் பின்னால் நீல நிறத் தண்ணீர் டிரம் ஒன்று அசிங்கமாகத் தெரிந்தது. பாண்டிராஜ் முழங்காலிட்டுக் கிட்டப் போனான். டிரம் போனது. மச்சான் தலையும் போனது. அதை அவன் பார்க்காமல் இல்லை. பிள்ளையின் முகம்தானே படம் என்று நினைத்தான். வீரிட்டுத் திறந்த வாய், கன்னத்தில் உருளும் கண்ணீர், ஆசாரியின் விரல். அடுத்த காதுக்கும் அதே இடத்திலிருந்து, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் எடுத்தான்.

அன்று சாயங்காலமே போட்டோகிராபி குரூப்பில் படத்தைப் போட்டான். 'கம்போசிஷன் அருமை' என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள். அந்தப் பூரிப்பிலேயே மச்சானுக்கும் அனுப்பி வைத்தான். மறுநாள் போன் வந்தது.

"படம் அழகா இருக்கு மாப்ள. நான் எங்க இருக்கேன்?"

"அந்தச் சட்டைக்கை உங்களோடதுதான் மச்சான்."



"அய்யாட்டக் காட்டுனேன். 'யாரு கைடா இது'ன்னாரு. நான் என்னன்னு சொல்ல? 'ஓரத்துலகூட நிக்க விடலையாக்கும்'னு சிரிச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

பாண்டிராஜ் கேமராவிலிருந்த எல்லாப் படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். சீர்த்தட்டை எடுத்திருந்தான், வாழைப்பழத்தை மட்டும். கோயில் மணியை எடுத்திருந்தான். யாரோ ஒரு பெண்ணின் வளையலைக்கூட விடவில்லை. மச்சான் முகம் ஒன்றில்கூட இல்லை. சித்தப்பா வீரணனிடம் ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டால், "நீதானப்பா போன உள்ள வைக்கச் சொன்ன" என்றார். சட்டைக்கையிலிருந்து ஒரு முகத்தை வளர்த்தெடுக்க எந்த வீடியோவும் சொல்லித் தரவில்லை.

இசைவாணி சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "குத்துன காத மறுக்கா குத்தவா முடியும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத்துரையே அவர்களுடைய கோரிப்பாளையத்து வீட்டுக்கு வந்தான். அதே பட்டுச்சட்டை, தேய்த்து மடிப்புக் கலையாமல். மடியில் பிள்ளையோடு மறுபடி ஒரு படம் எடுத்துவிடலாம் என்று பாண்டிராஜ்தான் கெஞ்சி வரவழைத்திருந்தான். மச்சான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்து, மடியைத் தட்டிக் கூப்பிட்டான்.

"வாடா மருமகனே."

மாறன் அந்தச் சட்டையைப் பார்த்தான். அந்த மடியைப் பார்த்தான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினான். இசைவாணி பிஸ்கட்டைக் காட்டினாள், பொம்மையைக் காட்டினாள், தூக்கி உட்கார வைத்தும் பார்த்தாள். மாமன் கை பட்டதும் பிள்ளை மூச்சுத் திணற அழுது அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"விடு தாயி, பிள்ளைய வதைக்காத" என்றான் வெள்ளைத்துரை. பிறகு பாண்டிராஜைப் பார்த்தான். "நீங்க எடுங்க மாப்ள. நான் இருக்கேன்ல."

பாண்டிராஜ் கேமராவுக்குள் பார்த்தான். இந்த முறை அவன் எதையும் விடவில்லை. ஃபிரிட்ஜ், துணிக்கொடி, சுவரில் தொங்கிய பை எல்லாம் இருந்தன. நட்டநடுவில், தலையிலிருந்து கால்வரை, மச்சான் முழுசாக இருந்தான். பிள்ளையைப் பிடிக்க விரித்த கைகளை இன்னும் மடக்காமல் வெறும் மடிமேல் வைத்திருந்தான். பாண்டிராஜ் பட்டனை அழுத்தினான். வேறென்ன செய்ய அவனுக்குத் தெரியும்?