கல் பங்களா கேட்

பக்தவச்சலம் இருபத்தெட்டு வருஷம் மனிதர்களைத் தடவிப் பார்த்தே சம்பளம் வாங்கியவர். தங்கச் சுரங்கத்துக்குள்ளிருந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வருகிறவன் எவனானாலும் சுரங்க வாயிலுள்ள ஷாஃப்ட் கேட்டில் அவர் முன்னால் நின்றாக வேண்டும். கையைத் தூக்கு, வாயைத் திற, செருப்பைக் கழற்று. மடியிலோ கோவணத்திலோ சோற்று டப்பாவின் அடித்தட்டிலோ ஒரு துண்டுத் தங்கக்கல் இருந்தே தீரும் என்பது அவருடைய நம்பிக்கை. அத்தனை வருஷத்தில் அவர் பிடித்தது ஏழே பேரை. மற்றவர்கள் எல்லாரும் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் ரிட்டையரான பிறகும் நினைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் யோக்கியர்களாகக்கூட இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அந்த மண்டைக்குள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இதன் பலனை அனுபவித்தது அவர் மகள் நேத்ரா. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு நர்சரி ஸ்கூலில் டீச்சர். முப்பது வயது முடிந்துவிட்டது. பெண் பார்க்க வருவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், பெண் லட்சணம் என்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர் அப்பா பெயரைக் கேட்பார். "தடவல் பக்தவச்சலமா?" என்று ஒரு குரல் எழும். அதோடு சரி. கோவணத்தை அவிழ்க்கச் சொன்ன ஆளுக்குச் சம்பந்தியாக சுரங்கக் குடியிருப்பில் எந்த லைன் வீட்டுக்காரனுக்கும் மனசு வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா?

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அவருக்கு மறுபடி ஒரு கேட் கிடைத்தது. பூதிகோட்டை ரோட்டில் மல்பெரித் தோட்டங்களைத் தாண்டினால் ஒரு பாறைமேட்டின் அடியில் கல் பங்களா இருக்கிறது. ஏதோ ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் பண்ணையம் செய்ய ஆசைப்பட்டுக் கட்டியது. இரண்டடி கனத்தில் கல் சுவர், தேக்கு உத்தரம், ஓடு, சுற்றி எட்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, நான்கைந்து மாமரம். அவன் போன பிறகு அதில் ராகி மூட்டை அடுக்கினார்கள், பட்டுப்புழு வளர்த்தார்கள், யாரோ ஒரு புண்ணியவான் அழகான கல்லின் மேல் சிமெண்டைப் பூசி வைத்தான். குவைத்தில் நர்ஸாக இருந்து திரும்பிய லூயிசா அம்மா அதை வாங்கினாள். சிமெண்டை எல்லாம் உரித்து, சுண்ணாம்புக் காரையில், முதலில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும் என்றாள். வேலை நடக்கிற இடத்தைப் பார்த்துக்கொள்ள பக்தவச்சலத்தை வைத்தாள்.

பக்தவச்சலத்துக்கு முதல் நாளே சந்தேகம். இருக்கிற பணத்துக்குப் புதிதாக ஒன்று கட்டிக்கொள்ளாமல், பழைய வீட்டைப் பழைய வீடாகவே ஆக்க எவளாவது செலவு செய்வாளா? சுவருக்குள் ஏதோ இருக்கிறது. வெள்ளைக்காரன் ஒளித்துவைத்துப் போயிருக்கிறான். இவளுக்கு அது தெரிந்திருக்கிறது. யாரும் கேட்காமலே சாயங்காலம் கேட்டில் நின்றுகொண்டு, வேலை முடிந்து போகிற ஆட்களை வரிசையில் நிறுத்திப் பையைப் பார்க்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பெங்களூரிலிருந்து வருகிற லூயிசா அம்மா இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தாள். சிரித்ததையும் அவர் ஒரு பக்கம் குறித்து வைத்துக்கொண்டார்.

பின்சுவர் பிதுங்கி நின்றது. அதைப் பிரித்து, கல்லுக்குக் கல் சாக்பீஸில் நம்பர் போட்டு, திரும்ப அடுக்குகிற வேலைக்கு மேஸ்திரி முனிரத்தினம். அவர் இருபத்தாறு வருஷம் சுரங்கத்தில் டிம்பர்மேன். பூமிக்குக் கீழே பாறை இறங்காமல் மரமுட்டுக் கொடுக்கிறவர். வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். பேச்சு குறைவு. பக்தவச்சலத்தின் கையில் அவர் உடம்பு படாத நாள் அந்த இருபத்தாறு வருஷத்தில் கொஞ்சம்தான்.

அப்படிப்பட்ட முனிரத்தினம் ஒரு நாள் மத்தியானம் சோற்று டப்பாவை மூடிவிட்டு, நேத்ராவைத் தன் மகன் உதய்க்குத் தர முடியுமா என்று கேட்டார். உதய் காலை ரயிலில் பெங்களூர் போய்வருகிற பையன். நல்ல வேலை, கெட்ட பழக்கம் கிடையாது. மூன்று வருஷமாகப் பெண் கேட்டு யாரும் பக்தவச்சலத்தின் வீட்டுப் படி ஏறவில்லை. சரி என்று தலையாட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்ததும் சந்தேகமும் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தது. ஊரே வேண்டாம் என்ற பெண்ணை இந்த மனுஷன் மட்டும் ஏன் கேட்கிறான்?

மறுநாள் சாயங்காலமே அதற்கு விடை கிடைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. வரிசையில் முனிரத்தினம் வந்தபோது, சம்பந்தியாகப் போகிறவரின் இடுப்பில் எப்படிக் கை வைப்பது என்று கூச்சமாக இருந்தது. போங்க என்று விட்டுவிட்டார். டி.வி.எஸ். வண்டி கேட்டைத் தாண்டின பிறகுதான் உறைத்தது. இதற்குத்தானே பெண் கேட்டான்! கேட்டில் நிற்கிறவனைச் சம்பந்தியாக்கிக்கொண்டால் அப்புறம் தடவுவதற்கு யார் இருக்கிறார்கள்?

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அந்தக் கணக்கிலேயே போய் உட்கார்ந்தது. பங்களாவுக்குப் பின்னால் புளியமரத்தடியில், பின்சுவரிலிருந்து எடுத்துப் போட்ட ஒரு கற்குவியல் கிடந்தது. அதில் சில கற்களில் விரல் கனத்துக்கு வெள்ளைக் கோடு ஓடியது. இந்த ஊரில் பிறந்தவன் எவனுக்கும் கல்லில் வெள்ளைக் கோட்டைக் கண்டால் நெஞ்சு ஒரு தடவை நின்றுதான் துடிக்கும், ஏனென்றால் தங்கம் ஓடுவது அந்த வெள்ளையோடுதான். குவியலில் அந்தக் கற்கள் மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. ஐந்து மணிக்கு ஆட்கள் கை கழுவப் போன பிறகு பின்னறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே டங், டங் என்று கல்லைத் தட்டுகிற சத்தம். கொஞ்சம் கழித்து முனிரத்தினம் காக்கிப் பையோடு வெளியே வருவார். வண்டியின் பின் டயர் அமுங்கியிருக்கும்.

வீட்டில் மனைவி எல்லம்மாவிடம் மட்டும் சொன்னார். அவரிடமே கேட்டுவிட வேண்டியதுதானே என்றாள் எல்லம்மா. கேட்டால் என்ன ஆகும் என்று அவர் அவளுக்கு விளக்கினார். அவன் திருடனாக இருந்தால் கல்யாணம் நின்றுவிடும். திருடனாக இல்லாவிட்டால் கேட்டதற்காகக் கல்யாணம் நின்றுவிடும்.

லூயிசா அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து போனாள். இரண்டு தடவையும் வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டார். விழுங்குகிறபோது உள்ளே ஒரு சின்னக் குரல், தங்கம் எங்கே போகிறது, நம் பெண் வாழப்போகிற வீட்டுக்குத்தானே போகிறது என்றது. அந்தக் குரலைக் கேட்டு அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் வழக்கம்போல வரிசையில் நின்றார்கள். பக்தவச்சலம் ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்பினார். கடைசியில் முனிரத்தினம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பை முன்னெப்போதையும்விடக் கனம். தையல் விட்டு, ஓட்டை வழியாகக் கல்லின் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. பக்தவச்சலத்தின் கை தானாக முன்னே போயிற்று. பெண் நினைவு வந்ததும் கையை இழுத்துக்கொண்டு, முகத்தை மாமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போங்க சம்பந்தி, நேரமாவுது" என்றார்.

முனிரத்தினம் போகவில்லை. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். பையைத் தரையில் இறக்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, ஷாஃப்ட் கேட்டில் நிற்பது மாதிரியே நின்றார்.

"பாருங்க" என்றார் முனிரத்தினம்.

"உங்களப் போயி இன்னாத்துக்கு..."

"மூணு வாரமா மரியாதைக்கு வுடறீங்கன்னு நெனச்சேன். இன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்தேன். மரியாத குடுக்கறவன் மூஞ்சி அப்டி இருக்காது. என்ன மட்டும் தடவாம வுட்டா, எங்கிட்ட ஏதோ கீதுன்னுதான அர்த்தம்?"

முனிரத்தினம் கையை இறக்காமல், சட்டைப்பையைப் பார்க்கச் சொன்னார். வேறு வழியில்லாமல் பக்தவச்சலம் அதில் விரலை விட்டார். நாலாக மடித்த ஒரு காகிதம் வந்தது. பின்சுவரில் கழித்த கல்லை வேண்டிய மட்டும் முனிரத்தினம் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி, கீழே லூயிசா அம்மாவின் கையெழுத்து. தேதி மூன்று வாரத்துக்கு முந்தியது.

"கேட் பாஸ்" என்றார் முனிரத்தினம். "மொத நாளே வாங்கி வச்சிக்கினேன். நீங்கதான் கேக்கவே இல்ல."

அப்புறம் சொன்னதை எல்லாம் அவர் நிதானமாகவே சொன்னார். வெள்ளைக் கோடு ஓடுகிற கல் பாரம் தாங்காது, கோட்டோடு பிளந்துகொள்ளும். சுரங்கத்தில் மேற்பாறையில் அந்தக் கோட்டைக் கண்டால் முட்டுக் கொடுக்காமல் டிம்பர்மேன் அடுத்த அடி வைக்கமாட்டான். பெரிய சுவருக்கு ஆகாது என்று அவரேதான் அவற்றைக் கழித்துப் போட்டார். ஓரத்தைத் தட்டிச் சீராக்கினால் மேலே ஓட்டுப் பாரம் இல்லாத ஒரு குட்டைச் சுவருக்குப் போதும். அவருடைய மனைவி பார்வதம்மா முப்பது வருஷமாக லைன் வீட்டுக்குப் பின்னால் தட்டி மறைவில், ஊர் எழுந்திருப்பதற்கு முன்னால் குளித்து முடிக்கிறவள். வருகிற மருமகள் டீச்சர். அவளுக்கும் அதே தட்டியா என்று ஒரு குளிக்கிற அறை கட்டிக்கொண்டிருந்தார். கல் பொறுக்கிக் கட்டுவது பெண் வீட்டாருக்குத் தெரிந்தால் கௌரவமாக இருக்குமா என்று கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார். அவ்வளவுதான் விஷயம்.

பக்தவச்சலம் மன்னிப்புக் கேட்கப் பார்த்தார். கடைசியில் காகிதத்தைத்தான் பழையபடி நாலாக மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தார்.

"உங்க பொண்ண ஏன் கேட்டேன் தெரியுமா?" என்றார் முனிரத்தினம். "கேஜ் மேல வந்ததும் மொதல்ல மேல படற கை உங்க கைதான். அது பட்டாத்தான், இன்னிக்கும் உசுரோட வந்துட்டோம்னு தோணும். அப்புறம் நீங்க ஆளு பாத்துத் தடவல. மேனேஜரையும் நிக்க வச்சித் தடவுனீங்க. அந்த மனுசன் வளத்த பொண்ணு நம்ம வூட்டுக்கு வரட்டும்னு நெனச்சேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு பையை எடுத்து வண்டியில் வைத்தார். கிளம்பும்போதுதான் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"என்னத் திருடன்னு நெனச்சீங்க, அது உங்க தொழிலு, எனக்குக் கோவம் இல்ல. திருடன் வூடுன்னு நெனச்சிக்கினே பொண்ணக் குடுக்க ஒத்துக்கினீங்களே, அது இன்னா? போயி அந்தப் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. அது வரச்சொன்னா நாளைக்கு வரோம்."

வண்டி மல்பெரித் தோட்டங்களுக்கு நடுவே போய் மறைந்தது. பக்தவச்சலம் கேட்டைப் பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற வழக்கம்கூட அன்றைக்கு மறந்துபோயிற்று.

வீட்டில் எல்லம்மா தாம்பூலத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நேத்ரா புதுப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னார். வெள்ளைக் கல், பின்னறைச் சத்தம், கேட் பாஸ், குளிக்கிற அறை, எதையும் விடவில்லை. நம் பெண் வாழப்போகிற வீட்டுக்குத்தானே தங்கம் போகிறது என்று நினைத்ததையும் சொன்னார். எல்லம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

நேத்ரா ஊசியைப் புடவையில் குத்தி வைத்தாள்.

"அந்த ரூமுக்குக் கதவு போடறாங்களாமா?" என்று கேட்டாள்.

தெரியாது, கேட்கவில்லை என்றார்.

"எல்லாத்தையும் பாத்தீங்க, அத மட்டும் கேக்கலியாப்பா" என்றாள். புடவையை மடித்து வைத்தாள். "அவங்கள வரச்சொல்லுங்க. நான் கட்டிக்கறேன். ஆனா அவங்க வரப்போ நீங்க வாசல்ல நிக்காதீங்க. உள்ள உக்காந்திருங்க. அம்மா கூப்புடட்டும்."

அன்றைக்கே தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போய், முனிரத்தினத்தின் பக்கத்து வீட்டு நம்பரில் சேதி சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் வாசலில் டி.வி.எஸ். சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் பக்தவச்சலம் எழுந்து இரண்டடி வைத்துவிட்டார். திரும்ப வந்து, வாசலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எல்லம்மா வாங்க வாங்க என்றாள். செருப்புகள் கழலுகிற சத்தம், வளையல் சத்தம், கனமான எதையோ தரையில் வைக்கிற சத்தம் எல்லாம் கேட்டது. யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது.