அவளுடைய எட்டரை மணி

பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக டைம்கீப்பராக இருப்பவருக்கு, அச்சடித்த நேரம் எதிலும் நம்பிக்கை கிடையாது. "நாலு மணி நேர ஓட்டத்துக்கு நாலே முக்கால்னு போட்டுக் கொடுக்கிறதே நான்தான். என்கிட்டயேவா?" என்பார்.

வெளிநாட்டில் நர்ஸாக இருந்த மனைவி, இரண்டு வருஷம் கழித்துத் திரும்பும் டிக்கெட்டை அனுப்பியபோதும் பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். இரவு பதினொன்றுக்குப் புறப்பாடு. மறுநாள் பகல் இரண்டுக்கு வருகை. பதினைந்து மணி நேரமா? தூரம் எட்டாயிரத்து எழுபத்தைந்து கிலோமீட்டர். மணிக்கு எண்ணூற்றைம்பது வீதம் ஒன்பதரை மணி நேரம்தான். "காலை எட்டரைக்கு இறங்கிடுவா. மிச்சமெல்லாம் சும்மா சேர்த்துப் போட்டது."

"மாமா, டிக்கெட்ல ரெண்டுன்னு கொட்டை எழுத்துல இருக்கு," என்றான் கார் ஓட்டும் மைத்துனன்.

"நீ ஸ்டியரிங்கைப் பாரு மச்சான். கணக்கை நான் பாத்துக்கிறேன்."

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. அவள் கிளம்பிய அன்று, கடைசி வண்டி வந்து சேராமல் இவரால் பதிவேட்டை மூட முடியவில்லை. விமான நிலையத்துக்கு விழுந்தடித்து ஓடி வந்தபோது அவள் உள்ளே போயிருந்தாள். திரும்பி வரும்போது கம்பித் தடுப்பில் முதல் ஆளாக நிற்பேன் என்று அன்றே போனில் வாக்குக் கொடுத்தார்.

அவள் வரும் நாள் காலை எட்டேகாலுக்கே விமான நிலையக் கம்பியைப் பிடித்துவிட்டார். எட்டரை ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. யார் யாரோ வந்தார்கள். விசாரணை மேஜைக்கு ஓடினார். "முன்னாடியே வந்து, என்னைக் காணோம்னு தனியா போயிட்டாளோ?"

விசாரணைப் பெண் திரையைப் பார்த்தாள். "அது இன்னும் பாதி தூரம்கூட வரலை சார்."

மைத்துனன் அவர் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். "இதுல மணி என்ன மாமா?"

மூன்றரை. அது அவள் ஊர் நேரம். தூங்குகிறவளைப் போன் அடித்து எழுப்பிவிடக் கூடாதென்று, அவள் போன மறுநாளே திருப்பி வைத்தது. ஆபீஸில் சுவர்க் கடிகாரம் இருந்தது. கைக்கடிகாரம் இரண்டு வருஷமாக அவளோடுதான் ஓடியது. கணக்கில் பிழையில்லை. புறப்பாடு அவள் ஊர்க் கடிகாரப்படி, வருகை நம் ஊர்க் கடிகாரப்படி என்பதைத்தான் மறந்திருந்தார்.

"சரி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாம் வாங்க."

"நீ போய்ட்டு வா. இன்னொரு தடவை லேட்டானா, உங்க அக்கா என்னை அதே விமானத்துல ஏத்தி அனுப்பிடுவா."

கைக்கடிகாரம் எட்டரையைத் தொட்டபோது, விமானம் இறங்கியதாகத் திரையில் வந்தது. "பாத்தியா? நிமிஷம் பிசகலை!"

பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தவளின் கண்ணில் முதலில் பட்டது அவர்தான்.

"எப்ப வந்தீங்க?"

"காலையில... எட்டேகாலுக்கு," என்றார் அசடு வழிய.

"ஆறு மணி நேரமா நிக்கிறீங்களா? பைத்தியமா உங்களுக்கு?"

திட்டிக்கொண்டே அவர் கையை இழுத்து, கடிகாரத்தின் திருகை வெளியே எடுத்து, முள்ளை ஐந்தரை மணி நேரம் முன்னே தள்ளினாள். அவருடைய இன்னொரு கை அப்போதும் கம்பியிலேயே இருந்தது.

"அதை விடுங்க முதல்ல," என்றாள். "அதான் வந்துட்டேன்ல."