ஆணியில் மாட்டிய தாலி

காலையில் ஷெட்டுக்கு வந்ததும் மஞ்சுளா முதலில் செய்கிற காரியம், கழுத்துத் தாலியைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டுவது. கேட்கிறவர்களுக்குப் பகீரென்று இருக்கும். அவளுக்கு அது கை கழுவுகிற மாதிரி. வளையல், மோதிரம், மெட்டி, கொண்டை ஊசி வரைக்கும் எல்லாம் கழன்றுவிடும். திருபுவனையில் பேட்டரி கட்டுகிற கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் அவள். கூட வேலை செய்த ஒருத்தியின் வளையல் பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பட்டு, கண் மூடித் திறப்பதற்குள் மணிக்கட்டோடு உருகி ஒட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். தாலிக்குப் பதில் மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிக்கொள்ளேன் என்று மாமியார் சொல்லிப் பார்த்தாள். குனிந்தால் கயிறும் பேட்டரிப் பெட்டிக்குள் தொங்குமே அத்தை என்று அதையும் தட்டிக் கழித்துவிட்டாள்.

புருஷன் அன்புராஜ் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தகர வேலையில் அவன் கெட்டிக்காரன். அவன் அப்பா லாரிக்குப் பாடி கட்டியவர். சுத்தியல் பிடிக்கிற கை அவரிடமிருந்து வந்தது, சாமி பயமும் அவரிடமிருந்துதான் வந்தது. வலது கையில் ஒரு செப்புக் காப்பு. பதினெட்டு வயதில் வேண்டுதலுக்குப் போட்டது, அதற்குப் பிறகு கழன்றதே இல்லை. அதனால் மஞ்சுளா கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள்: அந்தக் காப்போடு பேட்டரிப் பெட்டிக்குக் கிட்டே வரவே கூடாது. அவனும் சரியென்று தலையாட்டி வைத்திருந்தான்.

வில்லியனூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஷெட்டில் அதுவரை ஆட்டோவையும் மொபெட்டையும்தான் கரண்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கார் என்று வந்தது இதுதான் முதல். சாதாரணக் காரா அது! அறுபதுகளில் செய்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், இரண்டே பேர் உட்காரும் திறந்த வண்டி. மூடியைத் தூக்கினால் மட்கார்டும் சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்பக்கமாகத் திறக்கும். கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கனகராஜின் அப்பா, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கியது. முப்பது வருஷம் குடோனில் சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால் கிடந்து, இஞ்சின் இறுகி, தரை ஓட்டையாகி, எலி குட்டி போட்டிருந்தது. மகன் நரேஷுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் தாத்தாவின் காரில்தான் என்று கனகராஜ் சொல்லிவிட்டார். இஞ்சினுக்கு உதிரி கிடைக்காது, கரண்டுக்கே மாற்றிவிடு என்று சொன்னது நரேஷ்.

பதினான்கு மாசம் ஓடியது. அன்புராஜ் துருவை வெட்டி எறிந்து தகரத்தைப் புதிதாக அடித்தான். பெட்ரோல் டாங்க் இருந்த இடத்தில், சீட்டுக்கு நேர் பின்னால், மஞ்சுளா பேட்டரிப் பெட்டியை வைத்தாள். அதன் முன்னால் பலகை அடித்து, சென்னையிலிருந்து வந்த தோலை ஒட்டினார்கள். ஊர்வலத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கரும்பச்சை வண்டி ஷெட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் ஒரு வட்டம் அடித்தது. அன்புராஜ் குழந்தை மாதிரி கைதட்டினான்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தது சனியன்.

பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டிய கரண்ட் வண்டியின் உடம்புக்குக் கசிகிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் உண்டு. அது கசிகிறது என்றது. மத்தியானம் வெயில் வந்து வண்டி சூடானதும் ஒன்றுமில்லை என்றது. அடுத்த நாள் மழை, திரும்பவும் கசிவு. மஞ்சுளா கேபிளை மாற்றினாள், மோட்டாரைத் தனியே கழற்றிவிட்டுப் பார்த்தாள். கசிவு போகவில்லை. அப்படியென்றால் கோளாறு பெட்டிக்குள்ளேதான். யாராவது திறந்தீர்களா என்று அன்புராஜைக் கேட்டாள். யாரும் தொடவில்லை, ஐப்பசி மழை, பெட்டியில் காற்றுப் போக விட்ட துளை வழியாக ஈரம் ஏறியிருக்கும் என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறக்க வேண்டுமானால் ஒட்டிய தோலைக் கிழிக்க வேண்டும். கிழித்தால் ஊர்வலத்துக்குள் வேறு தோல் வராது. ஈரம்தான் என்று மஞ்சுளாவும் தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். ஆனாலும் மூன்று நாளும் மணிக்கொரு தரம் மீட்டரை வைத்துப் பார்த்தாள். கல்யாணப் பொண்ணு பிரவீணா பட்டுப்புடவையோடு சாய்ந்து உட்காரப்போகிற முதுகுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே ஒரு பலகைதான் இருந்தது.

ஊர்வலத்தன்று காலையிலிருந்தே தூறல். மீட்டர் முந்தின நாளைவிட மோசமாகக் காட்டியது. இரண்டரை மணிக்குக் கனகராஜ், அவர் மனைவி மீனாட்சி, நரேஷ் மூவரும் ஆரத்தித் தட்டும் பூமாலையுமாக வந்து இறங்கினார்கள். மஞ்சுளாவும் பூஜைக்கென்று புடவை மாற்றி, பூ வைத்து, தாலியும் வளையலுமாக நின்றிருந்தாள். கனகராஜ் வண்டியைச் சுற்றி வந்தார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. அப்பாவையே பார்க்கிற மாதிரி இருக்குது என்றார்.

அந்த நேரத்தில்தான் அவள் சொன்னாள்.

"ஊர்வலத்துக்கு வண்டி தர முடியாதுண்ணே."

விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கசிவைப் பற்றி அவள் எடுத்துச் சொன்னாள். இன்றைக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம், குலுங்குகிற குலுக்கலில் பெட்டி பற்றிக்கொள்ளவும் கூடும், எது என்று தனக்குத் தெரியவில்லை என்றாள். மேளக்காரர்கள் கோயில் வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்றார் கனகராஜ். மெதுவாகப் போகலாமே என்றான் நரேஷ். அன்புராஜ் முன்னால் வந்து, நானே பக்கத்தில் நடந்து வருகிறேன் மஞ்சு, அரை கிலோமீட்டர்தானே என்று கெஞ்சினான். மஞ்சுளா வண்டிப் பக்கம் குனிந்தாள். சீட்டுக்கு அடியில் கைவிட்டு, கரண்டை இணைக்கும் ஆரஞ்சு நிறக் கட்டையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அது இல்லாவிட்டால் வண்டி வெறும் பொம்மை.

கனகராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனுஷர். கத்தவில்லை. நாலு மணி வரைக்கும் நேரம் தருகிறேன், திறந்து பார்த்துச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். முடியும், தோல் மட்டும் போய்விடும் என்றாள். போகட்டும் என்றார். அந்த வார்த்தையில் அவளுக்கு உயிர் வந்தது. சுவரைப் பார்த்து நடந்தாள். வளையல்களைக் கழற்றினாள். மோதிரத்தைக் கழற்றினாள். பழக்க தோஷம், யார் நிற்கிறார்கள் என்று யோசிக்கக்கூட இல்லை. தாலிச் சங்கிலியையும் தலைக்கு மேலே தூக்கி ஆணியில் மாட்டினாள்.

மீனாட்சி கையிலிருந்த ஆரத்தித் தட்டை ஸ்டூல்மேல் வைத்தாள். குங்குமத் தண்ணீர் சிந்தியது.

"இன்னாடி பண்ற நீ? கல்யாண வண்டியாண்ட நின்னுகினு, அதுவும் புருஷன எதுருல வெச்சிக்கினு?"

இது வேலைக்காகக்கா, உலோகம் பட்டால் ஆளைக் கொன்றுவிடும், தினமும் இப்படித்தான் என்று மஞ்சுளா சொல்லிப் பார்த்தாள். தினமும் என்றது இன்னும் வினையாகப் போயிற்று. பதினான்கு மாசமாக இப்படித்தான் இந்த வண்டியைத் தொட்டாளா என்று மீனாட்சி கேட்டாள். ஆமாம் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது?

"நரேஷு, வேற வண்டி சொல்லு. எம் மருமவ இதுல காலு வெக்கமாட்டா."

கனகராஜ் பெண்டாட்டியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் பெண்டாட்டி பக்கமே போய் நின்றார். நரேஷ் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஐந்து நிமிஷத்தில் மூவரும் கிளம்பிவிட்டார்கள். வண்டிமேல் போட்ட மாலை போட்டபடியே கிடந்தது.

இனி என்ன அவசரம், நாளைக்குப் பார்க்கலாம், வா வீட்டுக்கு என்றான் அன்புராஜ். சொல்லிக்கொண்டே வண்டிக்கும் அவளுக்கும் நடுவே வந்து நின்றான். அவமானம் தாங்காமல் கிளம்பச் சொல்கிறான் என்று நினைத்தாள். பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. வேலை போனது போனதுதான், தன்னிடம் என்ன தப்பு என்றாவது தெரிய வேண்டாமா? மாலையை எடுத்துக் கீழே வைத்தாள். ரப்பர் கையுறையை மாட்டினாள். பிளேடால் தோலை மேலிருந்து கீழாக ஒரே கிழியாகக் கிழித்தாள், பலகையைப் பிரித்தாள், போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கயிறு கட்டிப் பெட்டி மூடியைத் தூக்கி டார்ச் அடித்தாள்.

இரண்டாவது வரிசை பேட்டரிக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவே, மஞ்சளாக ஒரு துணி மடிப்பு.

பிளாஸ்டிக் இடுக்கியால் மெதுவாக வெளியே எடுத்தாள். ஈரத்தில் ஊறிக் கனத்திருந்தது, கரண்ட் கசிந்தது அந்த ஈரம் வழியாகத்தான். ஒரு மூலையில் புளியங்கொட்டை அளவுக்குக் கருகி ஓட்டை விழுந்திருந்தது, ஓட்டை வழியே செம்பு மின்னியது. பிரித்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு. கோடும் கட்டமுமாகக் கீறி, நடுவில் எழுதியிருந்தது: மஞ்சுளா, கேட்டை நட்சத்திரம்.

இன்னும் நாலு குலுக்கல் குலுங்கியிருந்தால் துணி தேய்ந்து, தகடு இரண்டு முனையிலும் ஒன்றாகப் பட்டிருக்கும். ஊர்வலத்தின் நடுவில், ஜனத்தின் நடுவில், அந்தப் பெண்ணின் முதுகில். மஞ்சுளா தரையில் உட்கார்ந்து தகட்டை அவன் பக்கம் நீட்டினாள்.

அன்புராஜ் சுவரோரம் நின்றபடி சொன்னான். அப்பா கட்டிய லாரி ஒன்றுகூட முதல் பலகைக்கு அடியில் தகடு வைக்காமல் ஷெட்டை விட்டுப் போனதில்லை. ஆனால் இது வண்டிக்காக வைத்ததல்ல. சொன்னால் அவள் சிரிப்பாளே என்றுதான் சொல்லவில்லை. கசிவு வந்த பிறகு பயத்தில் சொல்லவில்லை. சாமி சமாச்சாரம் கெடுதல் செய்யாது, துணி சுற்றித்தானே இருக்கிறது என்று நினைத்தான்.

"தெனம் நீ அத்த கழட்டி மாட்டசொல்ல உனக்கு எதுனா ஆயிடுமோன்னு பயந்துகினே இருப்பேன் மஞ்சு. வேணான்னு சொன்னா நீ கேக்கமாட்ட. அதான் உம் பேருல எழுதி வாங்கினு வந்தேன்."

எப்போது வைத்தான் என்று கேட்டாள். மூடியைப் போல்ட் போட்டு மூடுவதற்கு முன்னால், அவள் சாப்பிடப் போயிருந்தபோது. கையை உள்ளே விட்டு, சந்து பார்த்துச் செருகினானாம்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. வாங்க போங்க என்றல்லாமல் அவனிடம் அவள் பேசியதில்லை.

"காப்பு கையில இருந்துச்சாய்யா?"

அவன் தன் கையைப் பார்த்தான். அப்போதுதான் புரிந்ததோ என்னவோ, முகம் வெளுத்துவிட்டது.

"இருந்துச்சு."

மஞ்சுளாவுக்குத் தகடு மறந்துபோயிற்று, ஊர்வலம் போயிற்று, மீனாட்சி சொன்ன சொல்லும் போயிற்று. கண்ணுக்கு முன்னால் அந்தக் கை மட்டும்தான் நின்றது. செப்பு வளையத்தோடு, இரண்டு முனைக்கும் நடுவே, அவள் நாலு வாய் சோறு தின்று வருவதற்குள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நாலு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து அழுதாள். அவன் கிட்டே வந்தான். வராதே என்று கையைக் காட்டினாள். பெட்டி இன்னும் திறந்துதான் இருந்தது.

ரயில்வே கேட்டுப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. வாடகைக்கு எடுத்த வெள்ளைக் காரில் பொண்ணும் மாப்பிள்ளையும் போய்க்கொண்டிருப்பார்கள். நாளைக்கு விடிந்தால் கடைத்தெரு முழுக்க இந்தத் தாலிக் கதைதான். இனி இந்த ஷெட்டுக்கு யார் வண்டி கொண்டுவருவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மீட்டரை வைத்துப் பார்த்தாள். கசிவு இல்லை.

பெட்டியின் மூடி கனமானது. இத்தனை நாளும் கயிறு கட்டித் தனியாகத்தான் இறக்குவாள். இப்போது கயிற்றைத் தேடித் திரும்பியபோது, அன்புராஜ் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். கையெல்லாம் சோப்பு நுரை. பதினெட்டு வயதில் ஏறிய காப்பு லேசில் இறங்குமா? தோல் உரிந்து ரத்தம் கசியக் கசிய முறுக்கிக்கொண்டிருந்தான். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசியில் அது கழன்றது.

துடைத்து எடுத்துப் போய், தாலி தொங்கிய ஆணியிலேயே மாட்டிவிட்டு, மூடியின் அந்தப் பக்கத்தைப் பிடிக்க வந்தான்.