கதவு வரை போய்த் திரும்பும் ரோபோ

பெரியவர்களுக்கான கார்ட்டூன் தொடர் அது. குடிகார ரோபோக்களும் வாயாடி வேற்றுக்கிரகவாசிகளும் அதில் அடிக்கும் கூத்துக்கு அளவே கிடையாது. ஆனால் நடுவில் வரும் கம்ப்யூட்டர் சங்கதி மட்டும் சுத்தமாக இருந்தாக வேண்டும். ரசிகர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. படத்தை நிறுத்தி, பின்னால் சுவரில் தெரியும் நிரலைக்கூடப் படித்துப் பார்ப்பார்கள். ஒரு புள்ளி பிசகினாலும் மானத்தை வாங்கிவிடுவார்கள்.

அதற்காகவே எழுத்தாளர்கள் அறையில் கம்ப்யூட்டர் படித்த அவளுக்கு ஒரு நாற்காலி. நிரலில் தப்பு இருந்தால் கம்பைலர் என்ற மென்பொருள் மேலே நகர விடாது. அவளும் அப்படித்தான் என்று 'கம்பைலர்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவன் அவள் கணவன், அந்த அறையின் நகைச்சுவை எழுத்தாளன். ஒன்றுக்காக ஒன்று காத்திருந்தே இரண்டு நிரல்களும் நின்றுபோகும் டெட்லாக் பற்றிச் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னதை வைத்துத்தான், வாசலில் "நீங்க போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று நின்றே துருப்பிடித்துப் போன இரண்டு மரியாதைக்கார ரோபோக்களை அவன் எழுதினான். அது சக்கைப்போடு போட்டது.

இன்றைக்குப் புதுக் காட்சியை அவனே எழுந்து நின்று நடித்துக் காட்டினான். சமையல்கார ரோபோ வேலைக்குக் கிளம்புகிறது. கதவு வரை போகிறது. திரும்பி ஓடி வந்து அடுப்பின் குமிழை அழுத்திப் பார்த்து, "அணைஞ்சிருக்கு" என்கிறது. மறுபடி கதவு, மறுபடி அடுப்பு. அறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"அணைஞ்சிருக்கு" என்பது அவள் தினமும் காலையில் குமிழைத் தொட்டுத் தொட்டுச் சொல்லும் வார்த்தை. பெற்ற அம்மாவுக்குக்கூடத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தாள். ஒருநாள் வீட்டை விட்டு வெளியேறவே முடியாமல் சமையலறையில் உட்கார்ந்து அழுதபோது அவனிடம் மட்டும் சொன்னாள். "உன்மேல சத்தியம், யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்று அவன் அவளை அணைத்துக்கொண்டான்.

"கம்பைலர், லூப் சரிதானே?" இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "சுத்திச் சுத்தி அதையே செஞ்சு, வெளிய வர வழியே இல்லாத லூப். இதோட நிரலையே பின்னாடி சுவர்ல போட்டுடலாமா?"

அவள் கணவனைப் பார்த்தாள். இந்தக் காட்சி வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை வீட்டில் சண்டை போட்டுக்கொள்ளலாம். அவன் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான்.

"தப்பு," என்றாள் அவள். "வெளிய வர வழி இருக்கு. அடுப்பு அணைஞ்சிருந்தா கிளம்பிடுன்னுதான் அதுக்குள்ள எழுதியிருக்கு. அது பார்க்குது, அணைஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்குது. ஆனா தெரிஞ்சது எங்கயும் சேவ் ஆகல. கதவுகிட்ட போறதுக்குள்ள அழிஞ்சிடுது. மறதியில்ல அது. மத்ததெல்லாம் ஞாபகம் இருக்கும், இது ஒண்ணுதான் நிக்காது."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"இது கிறுக்குத்தனம்னு அதுக்கே தெரியும். தெரிஞ்சேதான் திரும்பிப் போகுது. சுத்தி இருக்கறவங்க சிரிப்பாங்கன்னும் தெரியும். நான் பார்த்துட்டேன், நீ வான்னு யாராவது ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக மாட்டாங்களான்னுதான்..."

அறையில் சிரிப்பு அடங்கிவிட்டது. இயக்குநர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு சங்கடத்தோடு மேசையைப் பார்த்தார். அவள் தன்னைத்தான் சொல்கிறாள் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்க, அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

அவன் விரல்கள் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருந்தன.

"பிரமாதம்," என்றான், தலையைத் தூக்காமலே. "கடைசியா என்ன சொன்னே? கையைப் பிடிச்சு... அதை இன்னொரு தடவை சொல்லு."